வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள: பராமரிப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வழி

வயதான பெற்றோரையோ, குணமாகாத நோயில் இருக்கும் உறவினரையோ வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது என்று முடிவானதும் பலர் முதலில் செய்வது போனை எடுப்பதுதான். "நம்பகமான ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்று தெரிந்தவர்களிடம் கேட்கிறார்கள். "என்ன நோய்?" என்று அவர்கள் கேட்பார்கள். பக்கவாதம், புற்றுநோய், மறதி நோய் என்று ஒரே சொல்லில் பதில் போகும். அந்தச் சொல்லை நம்பி ஒருவர் வந்து சேர்வார். சில நாட்களிலேயே இரு தரப்புக்கும் ஒத்துவராமல் போகும்.

காரணம் எளிது. நோயின் பெயர் வேலையைச் சொல்வதில்லை. பக்கவாதம் வந்த ஒருவர் கைத்தடியை ஊன்றித் தானே கழிப்பறைக்குப் போய்வருவார். இன்னொருவரைப் படுக்கையில் ஒருக்களித்துப் படுக்க வைக்கவே இரண்டு பேர் வேண்டும். அதனால் நோயின் பெயரை ஒதுக்கி வையுங்கள். அவருடைய ஒரு பகலையும் ஓர் இரவையும் முழுசாக எழுதி வைத்துக்கொண்டு, அந்த 24 மணி நேரத்துக்குப் பொருந்தும் ஆளைத் தேடுங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

1. முதலில் அவரிடமே கேளுங்கள்

பிள்ளைகள் கூடிப் பேசி எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுக் கடைசியில் "நாளையிலிருந்து ஒருவர் வருவார்" என்று நோயாளியிடம் அறிவிப்பது பல குடும்பங்களில் நடக்கிறது. அப்படி வருகிறவரை அவர் ஏற்றுக்கொள்ளாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் குறை அவரிடம் இல்லை. தன் உடலைத் தொடப்போகிற ஒருவரைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. குளிப்பாட்ட ஆண் வரலாமா, பெண் வரலாமா? எந்த வேலையை முடிந்தவரை தானே செய்துகொள்ள நினைக்கிறார்? ஆள் வீட்டிலேயே தங்குவது பிடிக்குமா, பகலில் மட்டும் வந்துபோனால் போதுமா? எந்த மொழியில் பேசுகிறவர் வேண்டும்? மறதி நோய் இருந்தாலும் இந்தக் கேள்விகளில் சிலவற்றுக்காவது பெரும்பாலும் பதில் கிடைக்கும். சொல்லில் இல்லாவிட்டாலும் முகத்தில் கிடைக்கும்.

நோய் முற்றியவராக இருந்தால் இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. கடைசி நாட்களில் எங்கே இருக்க விரும்புகிறார்? தன்னால் பேச முடியாமல் போனால் தனக்காக யார் முடிவெடுக்க வேண்டும்? இவற்றைக் கேட்பது கொடுமை என்று தோன்றலாம். ஆனால் கேட்கப்படாமலே விட்டால், பின்னால் நள்ளிரவில் ஆம்புலன்ஸை அழைப்பதா வேண்டாமா என்று உடன்பிறந்தவர்கள் சண்டை போடுவதில்தான் முடியும். பதில்களை எழுதி, மருத்துவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அந்த எழுத்துக்குச் சட்ட மதிப்பு கிடைக்க உங்கள் நாட்டில் என்ன படிவம், யார் சாட்சி என்று மருத்துவரிடமோ வழக்கறிஞரிடமோ கேட்டு முடித்துவிடுங்கள்.

2. ஒரு நாளை எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மூன்று நான்கு நாட்கள் நடப்பதை நடக்கிற நேரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தடுமாற வேண்டாம். மருத்துவத்தில் இதற்கு ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் 1963-இல் வெளியிட்ட பட்டியலில் ஆறே ஆறு செயல்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மலஜலத்தை அடக்கிக்கொள்வது, தானே சாப்பிடுவது. ஒவ்வொன்றுக்கும் நேராக "தானே செய்கிறார்", "கை கொடுத்தால் செய்கிறார்", "முழுக்க நாம்தான் செய்கிறோம்" என்று எழுதுங்கள்.

அந்தக் குழு கவனித்த இன்னொரு விஷயம் குடும்பங்களுக்கு மிகவும் உதவும். நோயிலிருந்து தேறுகிறவர்களுக்கு இந்தத் திறன்கள் ஏறக்குறைய ஒரு வரிசையில் திரும்புகின்றன: சாப்பிடுவது முதலில், குளிப்பது கடைசியில். இழக்கும்போது பெரும்பாலும் வரிசை தலைகீழாக இருக்கும். ஆகவே இன்று குளிப்பாட்ட மட்டும் ஆள் தேவைப்படுகிறது என்றால், அடுத்து உடுத்திவிடவும் கழிப்பறைக்கு அழைத்துப்போகவும் தேவைப்படலாம் என்று இப்போதே கணக்கில் கொள்ளலாம்.

இந்த ஆறும் உடல் சார்ந்தவை. 1969-இல் லாட்டன், பிராடி என்ற ஆய்வாளர்கள் இருவர் வேறு எட்டைச் சேர்த்தார்கள்: போன் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைப் பராமரிப்பது, துணி துவைப்பது, வெளியே பயணம் போவது, மருந்துகளைத் தவறாமல் எடுப்பது, பணத்தைக் கையாள்வது. தனியாக இருக்கும் முதியவர்களிடம் பெரும்பாலும் முதலில் தடுமாறுவது இந்த எட்டில்தான். மருந்தையும் பணத்தையும் மட்டும் தவறாமல் பாருங்கள். குளிப்பதும் நடப்பதும் சரியாக இருக்கும், மாத்திரைப் பெட்டியில் மட்டும் மூன்று நாள் மாத்திரை அப்படியே கிடக்கும்.

பகலை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். இரவை விட்டுவிடுகிறார்கள். இரவில் எத்தனை தடவை எழுகிறார்? எழும்போது கூப்பிடுகிறாரா, தானே கட்டிலை விட்டு இறங்கிவிடுகிறாரா? மாலை மயங்கும் நேரத்தில் பதற்றம் கூடுகிறதா? மறதி நோய் உள்ளவர்களில் சிலருக்கு அந்த நேரம் மிகக் கடினமானது. ஓர் இரவில் ஒரு முறை எழுப்பப்படுகிறவர் மறுநாளும் வேலை பார்க்கலாம். நாலைந்து முறை எழுப்பப்படுகிறவரால் முடியாது. அந்த வீட்டுக்கு இரவுக்குத் தனியாக ஒருவர் தேவை. குடும்பத்தார் ஓய்ந்துபோவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இரவுதான், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அவருடைய எடையையும் எழுதுங்கள். கட்டிலிலிருந்து மாற்ற எத்தனை பேர் வேண்டும் என்பது அதைப் பொறுத்தது. கனமான ஒருவரைத் தனியாகத் தூக்கச் சொன்னால் வருகிறவரின் முதுகு போய்விடும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு விஷயத்தில் விழிப்பாக இருங்கள். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரெனக் குழம்பினால், இடம் தெரியாமல் பேசினால், "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வளர்வது. ஓரிரு நாளில் வரும் குழப்பத்துக்குப் பின்னால் தொற்றோ, நீர்ச்சத்துக் குறைவோ, மலச்சிக்கலோ, புதிதாகத் தொடங்கிய மாத்திரையோ இருக்கக்கூடும். பராமரிப்பாளரைத் தேடுவதை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலை அது.

3. எந்த வேலைக்கு எந்த ஆள்

"நர்ஸ் வைத்திருக்கிறோம்" என்று சொல்லும் பல வீடுகளில் இருப்பவர் நர்ஸ் அல்ல. சொல் எதுவாக இருந்தாலும் கவலையில்லை, ஆனால் அவரிடம் எந்த வேலையை ஒப்படைக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

பேச்சுத்துணை, சமையல், கடைக்குப் போவது, மருந்து நேரத்தை நினைவூட்டுவது ஆகியவற்றுக்குத் துணையாள் போதும். குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, ஊட்டுவது, திருப்பிப் படுக்கவைப்பது போன்றவற்றுக்குப் பயிற்சி பெற்ற பராமரிப்பு உதவியாளர் வேண்டும். ஊசி, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, மூக்குவழி உணவுக் குழாய், ஆழமான புண்ணுக்குக் கட்டுப்போடுவது எல்லாம் பதிவு பெற்ற செவிலியரின் வேலை. இவற்றுக்காக முழுநேரச் செவிலியர் வைக்க வேண்டிய அவசியம் பல வீடுகளில் இல்லை. உதவியாளர் முழுநேரமும், செவிலியர் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களிலும் வந்தால் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தேவைக்கு மேல் தகுதியுள்ளவரை வைத்தால் பணம் கரையும். குறைந்த தகுதியுள்ளவரை வைத்தால் ஒருநாள் அவர் தெரியாத வேலையைச் செய்து ஆபத்தில் முடியும். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. "சும்மா ஒரு ஊசிதானே" என்று உதவியாளரை வற்புறுத்துவது குடும்பத்தினர்தான்.

பிசியோதெரபிஸ்டை மறக்காதீர்கள். ஒரே ஒரு முறை வந்தாலும், இவரை எப்படி எழுப்புவது, எந்தப் பக்கம் நின்று தாங்குவது என்று வீட்டார் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவார்.

4. குணமாகாத நோய் என்றால்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். "இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்ற வாக்கியத்தோடு பல குடும்பங்கள் வீடு திரும்புகின்றன. நோயைக் குணப்படுத்தச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். வலி, மூச்சுத்திணறல், வாந்தி, தூக்கமின்மை, பயம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் செய்வதற்கு நிறைய இருக்கிறது. அதற்கென்றே இருப்பது நோய்த்தணிப்பு மருத்துவம், பாலியேட்டிவ் கேர் என்று பலரும் சொல்வது. செவிலியராகவும் பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து, அதன் பின் மருத்துவம் படித்த சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் லண்டனில் நோய் முற்றியவர்களைக் கவனிக்கும் இல்லமான செயிண்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். உடல்வலியோடு மனம், குடும்பம், நம்பிக்கை சார்ந்த வேதனையும் சேர்ந்ததுதான் நோயாளியின் முழு வலி என்பது அவர் வகுத்த பார்வை. இன்றைய வீட்டுப் பராமரிப்புக் குழுக்கள் பலவற்றுக்கும் அடிப்படை அதுதான்.

இந்தக் குழுவை அழைப்பது கைவிடுவது ஆகாது. பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலேயே நோய்த்தணிப்புக் கவனிப்பும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, வாழ்க்கைத் தரம் மேலாக இருந்தது. கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகள் குறைந்தும், அவர்கள் சராசரியாக இரண்டரை மாதங்களுக்கு மேல் கூடுதலாக வாழ்ந்தார்கள். அதனால் கடைசி வாரம்வரை காத்திருக்காதீர்கள். மருத்துவர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

குழுவிடம் கேட்க வேண்டிய கேள்விகள்: இரவு இரண்டு மணிக்கு வலி கூடினால் யார் போனை எடுப்பார்கள்? போனில் சொல்வது மட்டுமா, நேரில் வருவார்களா? வர எவ்வளவு நேரம் ஆகும்? அவசர மருந்துகளை முன்கூட்டியே வீட்டில் வைத்துவிட்டுப் போவார்களா? அவற்றை யார் கொடுக்கலாம்? இரவுக் கேள்விக்குத் தெளிவான பதில் தராத குழுவை, எவ்வளவு நல்ல பெயர் இருந்தாலும், அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் என்ற மருந்து பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பெயரைக் கேட்டதும் குடும்பங்கள் மிரளுகின்றன, பராமரிப்பாளர்களும் மிரளுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1986-இலேயே புற்றுநோய் வலிக்கு வெளியிட்ட வழிமுறையில் அதற்கு முக்கிய இடம் உண்டு. அந்த வழிமுறையின் சாரம்: முடிந்தவரை வாய்வழியாக, வலி வரும்வரை காத்திராமல் கடிகாரப்படி, வலியின் அளவுக்கு ஏற்ப. மருத்துவர் சொன்ன அளவில் வலிக்காக எடுப்பவருக்குத் தொடக்கத்தில் தூக்கக் கலக்கமும் குமட்டலும் வரலாம், பெரும்பாலும் சில நாட்களில் தணியும். தணியாதது மலச்சிக்கல். அதனால் மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்குகிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். வருகிற பராமரிப்பாளர் "இதைக் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்" என்று நினைக்கிறாரா என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அப்படி நம்புகிறவர் நீங்கள் இல்லாத நேரத்தில் வேளை மருந்தைத் தவிர்த்துவிடுவார், நோயாளி வலியில் கிடப்பார். அவரிடம் விளக்கிச் சொல்லும்படி செவிலியரைக் கேளுங்கள்.

5. நிறுவனம் வழியாகவா, நேரடியாகவா

நிறுவனம் வழியாக ஆள் எடுத்தால், ஒருவர் வராத நாளில் மாற்று ஆள் கிடைக்கும், பின்புலச் சரிபார்ப்பை அவர்கள் செய்திருக்க வேண்டும். குறை என்னவென்றால் முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். மறதி நோய் உள்ளவருக்கு வாரம் ஒரு புது முகம் என்பது பெரிய துன்பம். நேரடியாக அமர்த்தினால் ஒரே ஆள் தொடர்ந்து இருப்பார், உறவு வளரும். ஆனால் அவர் காய்ச்சலில் படுத்தால் மாற்று நீங்கள்தான். சம்பளம், விடுப்பு, காப்பீடு, வரி எல்லாவற்றுக்கும் முதலாளி நீங்கள் ஆகிவிடுகிறீர்கள்.

என் கருத்து: எப்படிச் செய்வது என்று இன்னும் புரியாத முதல் சில மாதங்களுக்கு நிறுவனம் நல்லது. நிலை ஓரளவு நிலைத்த பிறகு நேரடியாகப் போகலாமா என்று யோசிக்கலாம். மறதி நோய் மட்டும் இதற்கு விலக்கு. அங்கே தொடக்கத்திலிருந்தே "இந்த ஒருவரைத்தான் அனுப்புவோம், அவர் விடுப்பில் போனால் இந்த இன்னொருவரை" என்று எழுதித் தரும் நிறுவனத்தை மட்டும் பாருங்கள்.

நிறுவனத்திடம் கேட்க: அடையாளமும் காவல்துறைச் சரிபார்ப்பும் யார் செய்தார்கள், காட்ட முடியுமா? பயிற்சி எத்தனை நாள், செய்முறையாகவா, வகுப்பில் மட்டுமா? மேற்பார்வைச் செவிலியர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார்? நாங்கள் கொடுக்கும் பணத்தில் வேலை செய்கிறவர் கைக்கு எவ்வளவு போகிறது? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கேளுங்கள். மிகக் குறைவாகப் பெறுகிறவர் நீண்ட நாள் நிற்க மாட்டார்.

6. நேர்முகம்

மூன்று பேரையாவது பாருங்கள். நோயாளி இருக்கும் அறையிலேயே பாருங்கள். வந்தவர் முதலில் யாரிடம் பேசுகிறார் என்று கவனியுங்கள். கட்டிலில் இருப்பவரைப் பார்த்து வணக்கம் சொல்லி, பெயர் கேட்டு, அவர் கண்மட்டத்துக்குக் குனிந்து பேசுகிறவரா, அவர் தலைக்கு மேலாக உங்களிடம் "சாப்பிடுவாங்களா, தூங்குவாங்களா" என்று கேட்கிறவரா? சான்றிதழைவிட இது அதிகம் சொல்லும்.

"எத்தனை வருட அனுபவம்?" என்பதோடு நிறுத்தாமல், நடந்திருக்கக்கூடியதைச் சொல்லிக் கேளுங்கள்.

"அப்பா குளிக்கவே மாட்டேன் என்று கத்துகிறார். என்னம்மா செய்வீங்க?" நல்ல பதில்: கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மறுபடி கேட்பேன், இன்று உடம்பைத் துடைத்துவிடுவேன், ஏன் வேண்டாம் என்கிறார் என்று பார்ப்பேன். "பிடித்துக் குளிப்பாட்டிவிடுவேன்" என்கிறவர் வேண்டாம்.

"கீழே விழுந்துவிட்டார், வீட்டில் நீங்கள் மட்டும்." உடனே தூக்கி உட்கார வைப்பேன் என்பது தவறான பதில். எங்கே வலிக்கிறது, கை கால் கோணியிருக்கிறதா, தலையில் அடிபட்டதா என்று பார்த்து, அசைக்காமல் உதவிக்கு அழைக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவருக்குத் தலையில் லேசான அடி என்றாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

"ஊட்டும்போது இருமுகிறார்." ஊட்டுவதை நிறுத்த வேண்டும், நேராக உட்கார வைக்க வேண்டும், நமக்குச் சொல்ல வேண்டும். படுத்த நிலையில் ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம் என்று அவருக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். உணவுக்குப் பிறகும் அரை மணி நேரமாவது சாய்வாக உட்கார வைப்பது நல்லது.

முன்பு வேலை பார்த்த இரண்டு வீடுகளின் எண்ணை வாங்கி நீங்களே பேசுங்கள். "நல்லவரா?" என்று கேட்டால் "நல்லவர்தான்" என்றே பதில் வரும். "மறுபடி ஆள் தேவைப்பட்டால் அவரையே கூப்பிடுவீர்களா?" என்று கேளுங்கள். பதில் வருவதற்கு முன் எவ்வளவு நேரம் யோசிக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

7. வீட்டைத் தயார் செய்தல்

ஆள் வருவதற்கு முன்பே செய்து முடியுங்கள். கட்டில், உட்கார்ந்தால் பாதம் தரையில் படும் உயரத்தில் இருக்கட்டும். கழிப்பறையில் கைப்பிடி, வழுக்காத தரை. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு. வழியில் கிடக்கும் மிதியடியும் வயரும் வெளியே. நடக்க முடியாதவர் என்றால் கட்டிலருகே கமோடு நாற்காலி.

படுத்தே இருப்பவருக்குப் படுக்கைப் புண்தான் பெரிய எதிரி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்றுவது பரவலான வழக்கம். உங்கள் உறவினருக்கு எவ்வளவு இடைவெளி என்று செவிலியர் சொல்வார். முழுக்கப் பக்கவாட்டில் புரட்டாமல், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து ஏறக்குறைய 30 டிகிரி சாய்வாகப் படுக்கவைத்தால் இடுப்பெலும்பின் மேல் அழுத்தம் குறையும். கெண்டைக்கால் அடியில் தலையணை கொடுத்துக் குதிகாலைத் தொங்கவிடுங்கள். காற்று மெத்தை உதவும், ஆனால் திருப்பிப் படுக்கவைக்கும் வேலையை அது நீக்கிவிடாது. நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தையை வாங்காதீர்கள். சுற்றியுள்ள தோலை அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தி எடுத்தபின் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் நல்லது. அழுத்தியும் வெளுக்காத சிவப்பு புண்ணின் முதல் நிலை. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடாக, கெட்டியாக, சுற்றியுள்ள தோலைவிட நிறம் மாறி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

8. எழுத்தில் போடுங்கள்

எந்த வேலைகள், எந்த நேரம், சம்பளம் எந்தத் தேதியில், வார விடுப்பு எந்த நாள், எத்தனை நாள் முன்னறிவிப்பு. வீட்டில் தங்குகிறவர் என்றால் அவருக்குப் படுக்க இடம், தாழ்ப்பாள் போடக்கூடிய குளியலறை, தொடர்ச்சியான தூக்க நேரம். வீட்டுப் பணியாளர்களுக்காக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் ஏற்ற 189-ஆவது உடன்படிக்கை வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது. உங்கள் நாடு அதை ஏற்றிருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரமும் ஒரே ஆள் என்ற ஏற்பாடு தாளில்தான் நடக்கும். தூங்காத ஒருவர் மருந்தைத் தவறவிடுவார், கோபப்படுவார், பிடி நழுவவிடுவார்.

நோயாளிக்கு ஆள் வைத்துவிட்டு வீட்டார் அனைவரின் துணியையும் பாத்திரத்தையும் அவர் தலையில் கட்டுவது சரியல்ல. அந்த நேரம் யாருடையது என்று பாருங்கள்.

கட்டிலருகே ஒரு நோட்டு எப்போதும் இருக்கட்டும். என்ன சாப்பிட்டார், எவ்வளவு நீர் குடித்தார், சிறுநீர், மலம், எந்த மருந்து எத்தனை மணிக்கு, தோல் எப்படி இருந்தது, தூக்கம். இரண்டாம் நாள் வந்து பார்க்கும் மருத்துவருக்கு இதைவிட உதவியானது வேறு இல்லை. முதல் பக்கத்தில் மருந்துப் பட்டியலும் ஒவ்வாமையும் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்களும். நகை, வங்கி அட்டை, கையெழுத்துப் போட்ட காசோலை எல்லாம் ஆள் வருவதற்கு முன் பூட்டுக்குள் போகட்டும். அது இருவருக்கும் பாதுகாப்பு. ஏதாவது காணாமல் போனால் முதல் சந்தேகம் அவர் மேல் விழாது.

9. முதல் இரண்டு வாரம்

முதல் சில நாட்கள் வீட்டார் ஒருவர் கூடவே இருங்கள். வேவு பார்க்க அல்ல. இவருக்கு எந்தப் பக்கம் காது கேட்கும், எந்தக் கை வலிக்கும், எப்படிச் சொன்னால் கோபம் வரும் என்று கற்றுத்தர வேறு யாரும் இல்லை. பிறகு சொல்லாமல் வெவ்வேறு நேரங்களில் வந்து பாருங்கள்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள்: மேல்கையிலோ மணிக்கட்டிலோ விளக்கமில்லாத காயம், உலர்ந்த உதடு, அடர்ந்த நிறத்தில் சிறுநீர், பகலெல்லாம் வழக்கத்துக்கு மாறான தூக்கம், தூக்க மாத்திரை கணக்கில் குறைவது, நீங்கள் போன் செய்யும்போதெல்லாம் நோயாளியிடம் கொடுக்காமல் தட்டிக்கழிப்பது, அந்த ஆள் அறைக்குள் வந்ததும் நோயாளி பேச்சை நிறுத்துவது. கடைசியில் சொன்னது ஒன்றே போதும், விசாரிக்க. அவரைத் தனியே உட்கார வைத்து, அவசரப்படாமல் கேளுங்கள். பேச முடியாதவர் என்றால் குளிப்பாட்டும் வேலையை ஒருநாள் நீங்களே செய்து உடம்பு முழுக்கப் பாருங்கள்.

குணம் நல்லதாக இருந்து வேலை மட்டும் தெரியவில்லை என்றால் கற்றுக்கொடுக்கலாம். வேலை பிரமாதமாகத் தெரிந்து மரியாதை இல்லை என்றால் மாற்றிவிடுங்கள், தாமதிக்க வேண்டாம்.

10. குடும்பத்துக்குள் ஒருவர் பொறுப்பு

பராமரிப்பாளர் ஒருவரிடம்தான் பதில் சொல்ல முடியும். அண்ணன் ஒன்று சொல்ல, தங்கை வீடியோ காலில் வேறொன்று சொல்ல, மருமகள் மூன்றாவதாக ஒன்று சொன்னால் எந்த ஆளும் நிலைக்க மாட்டார். கூடவே இருப்பவர் யாரோ அவரே முடிவு சொல்லட்டும். தொலைவில் இருப்பவர்கள் பணம், மருந்து வாங்குவது, காப்பீட்டுத் தாள்கள், வாரத்தில் ஒரு நாள் பொறுப்பு ஏற்பது என்று எடுத்துக்கொள்ளலாம். அறிவுரையை மட்டும் பங்காகக் கொடுக்க வேண்டாம்.

கூடவே இருக்கிற அந்த மகளையோ மனைவியையோ மறந்துவிடாதீர்கள். ஸ்டீவன் ஸாரிட் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 1980-இல் பராமரிப்பவர்களின் சுமையை அளக்க ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். இப்போது அதிகம் பயன்படுவது 22 கேள்விகள் கொண்டது. தனக்கென நேரம் இல்லை என்று படுகிறதா, தன் உடல்நலம் கெடுகிறதா, இன்னும் எவ்வளவு காலம் தாங்க முடியும் என்றெல்லாம் கேட்கிறது. மருத்துவரிடம் கேட்டு அவரை நிரப்பச் சொல்லுங்கள். சில நாட்களுக்கு நோயாளியை வேறிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடைக்காலப் பராமரிப்பு கிடைத்தால் பயன்படுத்துங்கள், தாங்க முடியாமல் போவதற்கு முன்பே.

11. நிலை மாறும்போதும், கடைசி நாட்களிலும்

எழுதிய அந்த 24 மணி நேரப் பட்டியலை மாதம் ஒருமுறை, ஒவ்வொரு மருத்துவமனை வாசத்துக்குப் பிறகும் மறுபடி எழுதுங்கள். ஆள் மாறாமல் வேலை மட்டும் கூடிக்கொண்டே போவதுதான் பல ஏற்பாடுகள் உடைவதற்குக் காரணம். வேலை கூடினால் சம்பளமும் கூட வேண்டும், அல்லது இன்னொரு ஆள் வர வேண்டும்.

கடைசி நாட்களில் என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்தால் பயம் பாதியாகும். அதிக நேரம் தூங்குவார். உணவு வேண்டாம் என்பார்; உடல் அதைக் கேட்பதை நிறுத்திவிட்டது, வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும். வாயை நனைத்த பஞ்சால் துடைத்து உதட்டை ஈரமாக வைப்பது அப்போது செய்ய வேண்டியது. கை கால் குளிரும். மூச்சு வேகமெடுத்து, தணிந்து, சில நொடிகள் நின்று மறுபடி தொடங்கும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரலாம். கேட்பவர்களுக்குக் கலக்கமாக இருக்கும், பெரும்பாலும் அவருக்கு அது வேதனை தருவதில்லை, பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்தால் குறையும். மூச்சுத்திணறலுக்கு முகத்தின் மேல் மெல்லிய காற்று படும்படி சிறு விசிறி வைப்பது பலருக்கு ஆறுதல் தருகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையாதவர்களுக்கு ஆக்சிஜன் குழாய் சாதாரணக் காற்றைவிடப் பெரிய பயன் தரவில்லை என்று 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே சிலிண்டருக்கு அலைவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். கேட்கிறதோ இல்லையோ என்று யோசிக்காமல் பேசிக்கொண்டிருங்கள்.

வலி அடங்கவில்லை, பதற்றம் தாங்க முடியவில்லை, ரத்தம் வருகிறது என்றால் அது காத்திருக்கும் நேரமல்ல. நோய்த்தணிப்புக் குழுவை அழையுங்கள். வீட்டில் மரணம் நேர்ந்தால் முதலில் யாரை அழைப்பது, எந்த மருத்துவர் வந்து சான்றிதழ் தருவார் என்பதை முன்பே கேட்டு அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பராமரிப்பாளருக்கும் அதைச் சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் அவர் ஒருவரே இருக்கலாம்.

அதன் பிறகு செய்ய வேண்டிய சில வேலைகள் எளிதில் விடுபடும். மீதமுள்ள மார்ஃபினையும் மற்ற வலிமருந்துகளையும் எண்ணி, கொடுத்த குழுவிடமோ மருந்தகத்திடமோ திருப்பி ஒப்படைத்து எழுத்தில் பெறுங்கள். வாடகைக் கட்டிலையும் மெத்தையையும் திருப்பி அனுப்புங்கள். பராமரிப்பாளரின் கணக்கை அந்த வாரமே முடித்து, முன்னறிவிப்புக் காலத்துக்கான சம்பளத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அவர் என்னென்ன வேலை பார்த்தார், எப்படிப் பார்த்தார் என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதமும் கொடுத்தனுப்புங்கள். அடுத்த வீட்டில் அவரைப் பற்றிக் கேட்பார்கள்.